எதில் சமம்? இளையோர் டென்னிஸ் தரவரிசையும் வயதின் எல்லைக்கோடும்

சமமானவர்களைச் சமமாகவும் சமமற்றவர்களை அவர்தம் வேறுபாட்டுக்கு ஏற்பவும் நடத்துவதே நீதி என்பது அரிஸ்டாட்டிலின் கொள்கை. ஆனால் எதில் சமம் என்ற வினா எழுந்தவுடன் அக்கொள்கை சிக்கலாகிவிடுகிறது என்பதை அவரே தம் ‘அரசியல்’ நூலில் சுட்டிக்காட்டுகிறார். இவ்வினாவுக்கு நடைமுறையில் விடை கூறியாக வேண்டிய துறைகளுள் இளையோர் டென்னிஸும் ஒன்று. 12 வயதுச் சிறுவரை 17 வயதினரோடு மோதவிடுவது முறையன்று என்பதால், அங்கே வயதைக் கொண்டு பிரிவுகள் வகுக்கப்படுகின்றன.

சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பின் இளையோர் போட்டிகளில் ஒருவர் தம் 13ஆவது பிறந்தநாள் முதல், 18 வயது நிறையும் ஆண்டின் கடைசி நாள் வரை ஆடலாம். அளவுகோல் பிறந்த ஆண்டாக இருப்பதால், 2008 டிசம்பர் 31 அன்று பிறந்தவருக்கு 2026 இறுதியோடு வாய்ப்பு முடிந்துவிட, மறுநாள் பிறந்தவருக்கு அது 2027 இறுதிவரை நீள்கிறது. அமெரிக்க டென்னிஸ் சங்கமோ 12, 14, 16, 18 என்னும் பிரிவுகளை மாதத்தைக் கொண்டு கணக்கிடுகிறது. பிரிவின் வயதைத் தாண்டும் பிறந்தநாள் எந்த மாதத்தில் வருகிறதோ, அம்மாதத்தின் முதல் நாளோடு அப்பிரிவில் ஆடும் தகுதி முடிகிறது. மணற்குவியலிலிருந்து ஒவ்வொரு மணலாக எடுத்தால் எந்த மணலோடு குவியல் இல்லாமற்போகிறது என்னும், கிரேக்கச் சிந்தனையாளர் யூபுலிடிஸ் எழுப்பியதாகக் கூறப்படும் புதிருக்கு விடையில்லாததைப் போலவே, இளமைப் பருவம் எந்த நாளில் முடிகிறது என்பதற்கும் இயற்கையில் விடையில்லை. எனினும் கோடு இல்லாமல் போட்டி நடவாது. உலக நடப்புக்கு மட்டும் செல்லுபடியாகும் உண்மையை வியாவகாரிகம் என்றும், எந்நிலையிலும் மாறாத உண்மையைப் பாரமார்த்திகம் என்றும் அத்வைதிகள் பிரிப்பர். வயதுப் பிரிவு முதல் வகையைச் சேர்ந்தது.

வியாவகாரிகத்தைப் பாரமார்த்திகமாகக் கொள்ளும்போதுதான் பிழை நேர்கிறது. கனடாவின் ஐஸ் ஹாக்கி வீரர்களை ஆராய்ந்த ரோஜர் பார்ன்ஸ்லி முதலியோர், அவர்களுள் ஆண்டின் தொடக்க மாதங்களில் பிறந்தோரே மிகுதி என்று 1985இல் காட்டினர். ‘சார்பு வயது விளைவு’ எனப்படும் இப்போக்கு இளையோர் டென்னிஸிலும் பின்னர்க் கண்டறியப்பட்டது. பிறந்த ஆண்டைக் கொண்டு வகுக்கும்போது, ஒரே ஆண்டின் ஜனவரியில் பிறந்தவர் டிசம்பரில் பிறந்தவரைவிட ஏறத்தாழ ஓராண்டு கூடுதலாக வளர்ந்தவர். அவ்வளர்ச்சி வெற்றியையும், வெற்றி தரவரிசையையும், தரவரிசை நல்ல பயிற்சியையும் ஈட்டித் தர, பிறந்த மாதத்தின் தற்செயல் நாளடைவில் திறமையாகவே உருமாறிவிடுகிறது.

பள்ளி வகுப்பைக் கொண்டு வரிசைப்படுத்துவது இன்னொரு முறை. அமெரிக்காவின் டென்னிஸ் ரெக்ரூட்டிங் நெட்வொர்க், உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடிக்கும் ஆண்டின்படி வீரர்களைப் பிரிக்கிறது. ஒருவர் எந்த ஆண்டில் கல்லூரி அணிக்குக் கிடைப்பார் என்பதே பயிற்சியாளருக்கு வேண்டிய செய்தியாதலால் இம்முறைக்கும் நியாயம் உண்டு. ஆயினும் பிறந்தநாள் மாற்ற முடியாதது. வகுப்போ ஓரளவு தேர்ந்துகொள்ளக் கூடியது. பல மாநிலங்களில் செப்டம்பர் 1க்குள் 5 வயது நிறைந்த குழந்தை கிண்டர்கார்டனில் சேரலாம் என்றிருக்க, பெற்றோர் சிலர் ஓராண்டு காத்திருந்து சேர்ப்பதும் உண்டு. அந்த ஓராண்டுச் செலவைத் தாங்க வல்லவர்க்கே அது கைகூடும் என்பதால், பிறப்பு தந்த ஏற்றத்தாழ்வோடு செல்வம் தரும் ஏற்றத்தாழ்வும் சேர்ந்துகொள்கிறது.

இவற்றுக்கு மாறாக, யுனிவர்சல் டென்னிஸ் ரேட்டிங் என்னும் முறை, வயதையும் பாலினத்தையும் கருதாமல் ஆட்ட முடிவுகளை மட்டும் கொண்டு 1 முதல் 16.5 வரை மதிப்பெண் வழங்குகிறது. இது நடுநிலையானதாகத் தோன்றினும், 12 வயதினரும் 18 வயதினரும் ஒரே மதிப்பெண்ணைப் பெறும்போது அவ்விருவருக்கும் முன்னுள்ள வளர்ச்சி ஒன்றாகாது என்பதை இம்முறை காட்டுவதில்லை. ஆண்டு, மாதம், வகுப்பு, ஆட்டத்திறன் ஆகிய ஒவ்வொன்றும் எதில் சமம் என்ற வினாவுக்கு ஒரு நோக்கம் கருதி அளிக்கப்பட்ட விடையே. ஒரு நோக்கத்துக்காக வரைந்த கோட்டைக் கொண்டு வேறொன்றுக்குத் தீர்ப்பெழுதுவதுதான் அநீதி. 12 வயதுப் பிரிவின் தரவரிசை அப்பிரிவின் போட்டிகளை ஒழுங்குசெய்யப் போதுமானது, ஒரு குழந்தையின் ஆற்றலுக்கு எல்லை வகுக்க அதற்கு உரிமையில்லை.