கழித்தலும் காத்தலும்

வீட்டிலே குவிந்து கிடக்கும் வேண்டாத பொருள்களை அகற்றுவதும் ஒழுக்கவியலுக்குரிய ஒரு வினாவாகுமோ என்ற ஐயம் இக்கட்டுரையைக் காண்போர் சிலருக்கேனும் எழலாம். மெய்யியல் பயில்வோராகிய நாம் நன்மை, நீதி, கடமை எனப் பெருஞ் சொற்களையே எடுத்தாண்டு பழகிவிட்டோம். கால் முறிந்த கதிரையையும் துருப்பிடித்த தகரப் பேணியையும் பற்றி ஆராய்வது நமது தகைமைக்குக் குறைவெனக் கருதுகின்றோம். எனினும், தாயார் மறைந்து எட்டு மாதங்களின் பின்னர் வடமராட்சியிலுள்ள எமது வீட்டை ஒதுக்கவேண்டிய பொறுப்பு எனக்கு வந்து வாய்த்தபோது, விரிவுரை மண்டபத்தில் எளிதாகத் தீர்த்துவைத்த வினாக்கள் சில அவ்வீட்டின் அறைகளிலே தீராது நின்றன. அவற்றையே இங்கு முன்வைக்க விரும்புகின்றேன்.

அங்கிருந்த பொருள்கள் யாவற்றையும் எண்ணி முடித்தேன் எனச் சொல்வதற்கில்லை. றங்குப் பெட்டிகள் இரண்டு. கண்ணாடியில்லாத அரிக்கன் லாம்புகள் மூன்று. துவிச்சக்கரவண்டியிற் பூட்டும் டைனமோ ஒன்று. மடித்து அடுக்கிய உரப்பைகள். நாற்பத்தொரு ஜாம் போத்தல்கள். காலஞ்சென்ற தந்தையாரின் மூக்குக்கண்ணாடி. தமக்கையாரின் பத்தாம் வகுப்புக் கணக்குக் கொப்பிகள். கனடாவில் வாழும் தமையனார் தொலைபேசியிற் கூறிய முடிவு சுருக்கமானது. "தேவையானதை எடு தம்பி, மிச்சத்தைக் கொளுத்திவிடு" என்றார். எது தேவையானது என்பதை மட்டும் அவர் கூறவில்லை.

'தேவையற்றது' என்பது ஒரு பொருளின் நிறத்தையோ எடையையோ போல அப்பொருளிலேயே உறையும் பண்பன்று. எந்தப் பொருளும் குப்பையாகப் பிறப்பதில்லை. அப்பொருளுக்கும் அதை வைத்திருப்பவருக்கும் இடையிலுள்ள உறவைப் பற்றிய தீர்ப்பே அது. இன்னும் நுணுகி நோக்கின், எதிர்காலத்தைப் பற்றிய தீர்ப்பே அது. அந்த ஜாம் போத்தல்களை எடுத்துக்கொள்வோம். 1990 ஆம் ஆண்டிலிருந்து யாழ்ப்பாணக் குடாநாட்டின்மீது விதிக்கப்பட்டிருந்த பொருளாதாரத் தடையின்போது மின்சாரம் இல்லை; மண்ணெண்ணெய் கிடைத்தற்கரிய பொருளாயிற்று; மின்கலங்கள் தடைசெய்யப்பட்ட பொருள்களுள் அடங்கின. அரிக்கன் லாம்பு குடிக்கும் எண்ணெய்க்கு ஈடுகொடுக்க இயலாதவர்கள் ஜாம் போத்தலின் அடியிலே சிறிது பஞ்சை வைத்து, அது நனையுமளவுக்கு மாத்திரம் எண்ணெய் விட்டு, மெல்லிய திரியிட்டு ஏற்றினர். போத்தலே சிமினியாயிற்று. அந்த வெளிச்சத்திலே படித்துப் பல்கலைக்கழகம் புகுந்தவர்கள் ஒரு தலைமுறையினர். துவிச்சக்கரவண்டியை நிறுத்திவைத்துச் சில்லைச் சுழற்றி, டைனமோவிலிருந்து பெற்ற மின்னால் வானொலிச் செய்தி கேட்டோம். இவற்றையெல்லாம் கண்ட ஒரு பெண், 2002 இல் ஏ-9 பாதை திறந்துவிட்டது என்பதற்காகப் போத்தல்களை எறிந்துவிடுவாள் என எதிர்பார்ப்பது எவ்வாறு பொருந்தும்? "கிடக்கட்டும் தம்பி, ஒருநாளைக்கு உதவும்" என்பதே அவருடைய மறுமொழி. 2022 இல் எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் நாடு முழுவதும் வரிசைகள் நீண்டபோது, பின்வளவில் மூடிவைத்திருந்த விறகடுப்பைத் திறந்து அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை.

வீட்டை வெறுமையாக்குமாறு போதிக்கும் நூல்கள் இக்காலத்திற் பெருகியுள்ளன. ஜப்பானியப் பெண்மணி மரி கொண்டோ 2011 இல் வெளியிட்ட நூல் அவற்றுள் மிகுந்த புகழ் பெற்றது. ஒரு பொருளைக் கையிலெடுத்தால் உள்ளத்தில் மகிழ்ச்சி துளிர்க்கின்றதா என்பதே அவர் கூறும் அளவுகோல். (மூன்றாவது குழந்தை பிறந்த பின்னர் ஒழுங்குபடுத்துவதைத் தாமே ஓரளவு கைவிட்டுவிட்டதாக 2023 இல் அவர் கூறியமை எனக்குச் சற்று ஆறுதலளித்தது.) இவ்வளவுகோல், நாளையும் கடை திறந்திருக்கும் என்ற நம்பிக்கையின்மேல் நிற்பது. வேண்டும்போது வாங்கிக்கொள்ளலாம் என்ற உறுதி இருப்பவனுக்கே வைத்திருத்தல் சுமையாகத் தோன்றும். ஜாம் போத்தல் எவருடைய உள்ளத்திலும் மகிழ்ச்சியைத் துளிர்க்கச் செய்வதன்று. ஆயினும் அது அச்சத்தைத் தணிக்கின்றது.

ஆனால், அச்சத்தினாற் செய்வதெல்லாம் நியாயமாகிவிடாது. தாயாரின் மீதுள்ள அன்பினால் இதனை மறைப்பது நேர்மையன்று. பின்வளவில் அவர் சேர்த்து வைத்திருந்த டயர்களிலும் சிரட்டைகளிலும் மாரிமழை நீர் தேங்கி நின்றது. இலங்கையில் ஒரு இலட்சத்து எண்பத்தாறாயிரத்துக்கு மேற்பட்டோர் டெங்கு நோயினாற் பீடிக்கப்பட்டதாகப் பதிவான 2017 ஆம் ஆண்டில், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் இரு தடவைகள் வந்து எச்சரித்துச் சென்றார். அயல்வீட்டுச் சிறுமி காய்ச்சலுற்று ஒன்பது நாள்கள் வைத்தியசாலையிற் கிடந்தாள். எமது வளவுக் கொசுவினால் வந்ததென எவரும் நிறுவவில்லை, நிறுவவும் முடியாது. ஆயினும் அதன்பின் அவ்வீட்டாரின் முகத்தை நேரே நோக்க எனக்குக் கூச்சமாயிருந்தது. என் வீட்டுக்குள் நான் எதையும் வைத்திருப்பேன் என்ற உரிமை வேலியோடு முடிந்துவிடுகின்றது; கொசு வேலியை அறியாது.

துறவு பற்றிய நமது மரபு இவ்விடத்தில் உதவுமா? குறளிலே துறவுக்கு ஓர் அதிகாரம் உண்டு. பொருள்வரைவைச் சமணம் நோன்பாகவே கொண்டது. பௌத்த பிக்குவுக்குரிய உடைமைகள் எட்டு என வரையறை செய்யப்பட்டுள்ளன. கிரேக்க நாட்டிலே தயோஜினிஸ், சிறுவனொருவன் உள்ளங்கையில் நீரேந்திப் பருகுவதைக் கண்டு தன்னிடமிருந்த குவளையை எறிந்தான் என்பர். அமெரிக்கரான தோரோ 1854 இல் வெளியான 'வால்டன்' என்னும் நூலில், மேசைமீதிருந்த மூன்று சுண்ணக்கற்களை நாள்தோறும் தூசு தட்டவேண்டியிருப்பதைக் கண்டு வெறுத்து யன்னலுக்கு வெளியே எறிந்ததாகக் கூறுகின்றார். இவை யாவும் போற்றத்தக்கன. எனினும் ஒன்றை நாம் மனங்கொள்ளல் வேண்டும். தயோஜினிஸ் எறிந்தது தன் குவளையை; தோரோ எறிந்தவை தன் கற்களை. துறப்பவன் தன்னுடையதைத் துறக்கின்றான். வீட்டை ஒதுக்குபவனோ பெரும்பாலும் பிறருடையதையே கழிக்கின்றான். என் தந்தையாரின் மூக்குக்கண்ணாடியை எறிவதனால் நான் துறவியாகிவிட முடியாது. துறவின் பெயரால் நாம் செய்யும் வீட்டுத் துப்புரவிற் பெரும்பகுதி இக்குழப்பத்தின் மேல் எழுந்தது என்பது என் துணிபு.

இன்னுமொன்று. துறப்பதற்கு முதலில் உடைமை வேண்டும். 1995 ஒக்டோபர் 30 ஆந் திகதி இரவு வலிகாமத்து மக்கள் மழையில் நனைந்தபடி செம்மணி வெளியையும் நாவற்குழிப் பாலத்தையும் கடந்தபோது கைகளிற் கொண்டுவந்தவை மிகச் சில: காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், ஓர் உரப்பைக்குள் அடங்கிய உடுபுடவை. அவர்களை எவரும் துறவிகள் என்று கூறவில்லை. பறிக்கப்பட்டவர்களின் வெறுமையையும் தெரிந்தெடுத்தவர்களின் வெறுமையையும் எளிமை என்ற ஒரே சொல்லாற் குறித்தல் தகாது.

கழித்தலின் தவறு காலங்கடந்தே வெளிப்படும் என்பதற்குத் தமிழின் ஏட்டு வரலாற்றைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887 இற் கலித்தொகையைப் பதிப்பித்தார். தம் கையிற் கிடைத்த ஏடுகள் தொடும்போதே ஒடிந்தும் உதிர்ந்தும் போன நிலையை அவர் தமது பதிப்புரையிலே வருந்தி எழுதியுள்ளார். ஏடு தேடி ஊர் ஊராக அலைந்த உ. வே. சாமிநாதையரோ, கோயிலொன்றிலிருந்த பழுதுபட்ட ஏடுகள் சாத்திர முறைப்படி வேள்வித்தீயில் இடப்பட்ட செய்தியையும், ஆடிப்பெருக்கன்று ஆற்றிலே விடப்பட்ட ஏடுகளின் கதையையும் தமது வாழ்க்கை வரலாற்றிற் பதிவுசெய்துள்ளார். அவ்வாறு செய்தவர்கள் தீயோர் அல்லர்; வீட்டைத் துப்புரவு செய்த நல்லோர். எவரும் படியாத, செல்லரித்த, இடத்தை அடைக்கும் பொருளைத் தெய்வத்துக்கோ நதிக்கோ ஒப்புவித்து மனநிறைவோடு வீடு திரும்பியிருப்பர். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தை எரித்தவர்களோடு அவர்களை ஒப்பிடுவது பெருந்தவறு. எனினும், அழிந்த ஏட்டுக்கு எரித்தவனின் நோக்கம் தெரியாது. அந்த நூலகத்தோடு ஏறத்தாழத் தொண்ணூற்றேழாயிரம் நூல்கள் போன பின்னர், பழைய மலர்களையும் சஞ்சிகைகளையும் தேடுவோர் தனியார் வீட்டுப் பெட்டிகளைத் தட்டவேண்டியவராயினர். 2005 இல் தொடங்கப்பெற்ற 'நூலகம்' என்ற மின்னூலகம் வளர்ந்ததும் ஒருவகையில் இவ்வாறான பெட்டிகளினாலேதான்.

அவ்வாறாயின் அனைத்தையும் வைத்திருப்பதா? அதுவும் இயலாது. எதிர்காலம் எதனைக் கேட்கும் என்பது நமக்குத் தெரியாது என்ற வாதம், எல்லாவற்றையும் வைத்திருக்கச் சொல்லும் வாதமாகவே முடியும். முடிவில் வாழ்வோர் படுக்கவும் இடமின்றிப் போகும். ஓர் ஏட்டையும் ஓர் ஓட்டைப் பேணியையும் ஒரே தட்டில் வைத்தல் ஆகாது. ஒன்று போனால் அது தாங்கிய அறிவும் போகும். மற்றது போனால் அதைப்போன்ற வேறொன்று உண்டு. கணக்குக் கொப்பிகளைக் கழித்தபோது எனக்கு அதிகம் தயக்கம் ஏற்படவில்லை.

கழித்த பொருள் எங்கே செல்கின்றது என்ற வினா இன்னும் கடினமானது. புத்தாண்டுக்கு முன் வீட்டைத் துப்புரவாக்குதல் இந்நாட்டில் தமிழர் சிங்களவர் இருசாராரதும் வழக்கம். 2017 ஏப்பிரல் 14 ஆந் திகதி, புத்தாண்டு நாளன்றே, கொழும்புக்கு அணித்தான மீத்தொட்டமுல்லவில் நகரத்தின் குப்பை மலை சரிந்து வீடுகளின்மீது வீழ்ந்தது; முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். தலைநகரில் எத்தனையோ வீடுகள் அன்று துப்புரவாக இருந்திருக்கும். 'எறிதல்' என்ற வினைக்கு நாம் எழுவாயைக் கூறுகின்றோம், செயப்படுபொருளைக் கூறுகின்றோம். எங்கே என்பதைக் கூறாது விடுகின்றோம். அந்த 'எங்கே' எப்பொழுதும் ஓர் ஏழையின் வாசலாகவே இருக்கின்றது.

ஈகையின் பெயராலும் இதுவே நிகழ்வதுண்டு. 2004 திசெம்பர் கடல்கோளின் பின் நாகபட்டினக் கரையோரத்துக்கு வண்டி வண்டியாகச் சென்றிறங்கிய பழைய உடைகளை மீனவ மக்கள் ஏற்கவில்லை. அவை தெருவோரங்களிலே குவிந்து கிடந்தன. அனைத்தையும் இழந்தவர்களுக்கு இத்துணைத் தெரிவும் வேண்டுமா எனச் சிலர் குறைபட்டுக்கொண்டனர். நான் அம்மீனவர் பக்கமே நிற்பேன். எனக்கு வேண்டாதது என்ற ஒரே காரணத்துக்காக அது மற்றவனுக்கு வேண்டியதாகிவிடுமெனக் கொள்வது, அவனை என் குப்பைத்தொட்டியாகக் கொள்வதன்றி வேறென்ன? அதேவேளை, எமது வீட்டில் ஈராண்டாகச் சுவரிற் சாத்தியிருந்த நல்ல துவிச்சக்கரவண்டி, பாடசாலைக்கு இரண்டு மைல் நடக்கும் ஒரு பிள்ளைக்குரியதாக இருந்திருக்கலாம் என்பதையும் நான் ஒப்புக்கொள்கின்றேன். அதைத் தாயார் இருக்கும்போதே கொடுத்திருக்கவேண்டும்.

றங்குப் பெட்டியின் அடியிலே, தந்தையார் மலைநாட்டிற் பணியாற்றிய காலத்தில் இருவரும் எழுதிக்கொண்ட கடிதங்கள் இருந்தன. காப்கா 1924 இல் இறக்குமுன் தமது கையெழுத்துப் பிரதிகளை எரித்துவிடுமாறு நண்பர் மாக்ஸ் புரோடைக் கேட்டிருந்தார், புரோட் எரிக்கவில்லை, அடுத்த ஆண்டே 'விசாரணை' நாவல் அச்சேறியது. உலகம் புரோடுக்கு நன்றி கூறுகின்றது. ஆனால் என் தாயார் நாவலாசிரியர் அல்லர். அக்கடிதங்கள் உலகுக்காக எழுதப்பட்டவையுமல்ல. சமூக வரலாறு கற்பிக்கும் நண்பரொருவர் அவற்றை ஆவணம் என்கின்றார். அவர் கூற்றிலும் நியாயம் உண்டு. முதற் கடிதத்தின் முதல் வரியைப் படித்ததும் மடித்துவிட்டேன். தமக்கையார் கேட்டபடி, படியாமலே அவருக்கு அனுப்பிவைத்தேன். இது தீர்வன்று, கைமாற்றமே என்பதை அறிவேன்.

அதே பெட்டியில் ஒரு பிஸ்கற் தகரத்தினுள் ஒரு சாவி இருந்தது. அது எமது வீட்டுச் சாவியன்று. 1990 இல் மயிலிட்டியிலிருந்து இடம்பெயர்ந்து எம்முடன் வந்து தங்கிய சின்னம்மாவின் வீட்டுச் சாவி. கதவைப் பூட்டிவிட்டுத்தான் வந்தார். இரண்டொரு கிழமையில் திரும்பலாம் என எண்ணியிருந்தார். 2017 யூலையில் அவ்வூரின் ஒரு பகுதி விடுவிக்கப்பட்டபோது அவரை நானே அழைத்துச் சென்றேன். கிணறு இருந்தது, வீடு இருந்த இடத்தில் வாசற்படி மட்டும் இருந்தது. கதவு இல்லை, நிலை இல்லை, சுவரும் இல்லை. சின்னம்மா படியில் இருந்து சிறிது நேரம் வெற்றிலை போட்டார். திரும்பும்போது சாவியை அங்கே விட்டுவருவார் என நான் நினைத்தேன். அவர் அதனைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டே வந்தார். அவர் போன பின் என் தாயார் அதனைத் தகரத்தில் வைத்துக் காத்திருக்கின்றார்.

பயன் என்ற அளவுகோலின்படி இதனிலும் பயனற்ற பொருள் உலகில் இருக்க முடியாது. திறப்பதற்கு எதுவுமில்லை. உரியவரும் இல்லை. நிறுத்தால் இரும்புக்காரன் ஐந்து ரூபாயும் தரமாட்டான். போத்தல்களை ஏற்றிச்சென்ற வண்டிக்காரன் தகரத்தையும் கேட்டான். தகரத்தைக் கொடுத்தேன். சாவி இப்பொழுது பேராதனையில் என் மேசை இலாச்சியில், பேனைகளுக்கும் பழைய வினாத்தாள்களுக்கும் இடையிற் கிடக்கின்றது. அது எந்தக் கதவின் சாவி என்று என் மகள் இன்னும் கேட்கவில்லை.