பராமரித்தவளின் முதுமை

நோயுற்ற கணவனுக்குப் பத்தாண்டுகள் குளிக்கவும் உடுக்கவும் கைகொடுத்து, மருந்தை நேரந்தவறாது ஊட்டிவந்த ஒருத்தி, அப்பத்தாண்டுகளும் உழைத்தவளா, உழையாதவளா? பிரித்தானியாவில் அங்கவீனர் கொடுப்பனவுகளைச் சீர்திருத்துவது குறித்து 2025இல் எழுந்த வாதத்தின் அடியில் நாம் காண்பது இக்கேள்வியையே.

2016 ஏப்பிரலில் நடைமுறைக்கு வந்த அந்நாட்டின் புதிய அரச ஓய்வூதியத்தை முழுமையாகப் பெறப் பொதுவாக 35 ஆண்டுகள் தேசிய காப்புறுதிச் சந்தா செலுத்தியிருத்தல் வேண்டும். 10 ஆண்டுகளுக்குக் குறைந்தால் ஒன்றுமில்லை. கூலி பெறாதவர் சந்தா செலுத்துவது எங்ஙனம்? இதற்கென உள்ளதே 'வரவு' என்னும் ஏற்பாடு. வாரம் 35 மணி நேரமேனும் அங்கவீனர் ஒருவரைப் பராமரித்து, அதற்கான கொடுப்பனவைப் பெறுபவருக்கு அக்காலம் சந்தா செலுத்திய காலமாகவே பதியப்படும். பராமரிப்பும் உழைப்பே என்று அரசு ஒப்புக்கொண்ட இடம் இது. அவ்வொப்புதலும் எளிதில் கிட்டவில்லை. 1976இல் இக்கொடுப்பனவு தொடங்கியபோது மணமான பெண்கள் விலக்கப்பட்டனர். அவர்கள் எப்படியும் வீட்டில்தானே இருப்பார்கள் என்பது அன்றைய நியாயம்! தாயைப் பராமரித்த ஜாக்குலின் டிரேக்கின் வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம்வரை சென்றபின், 1986இலேயே அவ்விலக்கு ஒழிந்தது.

ஆயினும் பராமரிக்கப்படுபவர் அங்கவீனர் கொடுப்பனவு பெற்றால்தான் பராமரிப்பவருக்கும் இது கிட்டும். அன்றாட வாழ்வுக்கான அக்கொடுப்பனவுக்கு மொத்தம் 8 புள்ளிகள் போதும் என்பது விதி. ஏதேனும் ஒரு செயலிலேயே 4 புள்ளிகள் பெற்றாகவேண்டும் என்பது 2025ஆம் ஆண்டுப் பிரேரணை. இடுப்புக்குக் கீழே கழுவ உதவி வேண்டுமாயின் 2 புள்ளி. தோளுக்கும் இடுப்புக்கும் இடையே கழுவ உதவி வேண்டுமாயின் 4. நான்கு செயல்களில் இரண்டிரண்டாக 8 பெற்றவர் தகுதியிழப்பார். அவரது தகுதியோடு மனைவியின் கொடுப்பனவு போகும். அதனோடு தானாகப் பதியப்பட்ட வரவும் போகும். ஒருவரின் இடுப்பிற் கீறிய கோடு மற்றொருவரின் முதுமையைத் தீர்மானிப்பது விந்தையல்லவா? வாரம் 20 மணி நேரப் பராமரிப்புக்கென வேறொரு வரவு உண்டு. வைத்தியத் துறையினர் அல்லது சமூக சேவையாளர் சான்று தந்தால் அதனை அவள் கோரலாம் என்பது மெய்தான். ஆனால் அதனைக் கேட்டுப் பெறவேண்டும். அப்படியொன்று உண்டென அறியாதவள் தான் இழந்ததையும் அறியாள், முதுமை வரும்வரை.

தொழிலாளர் சங்கங்கள் ஈன்ற தொழிற் கட்சியே இப்பிரேரணையைக் கொண்டுவந்தது என்பது எமக்கு வேதனை தருகிறது. அக்கட்சிக்குள்ளேயே கிளம்பிய எதிர்ப்பினால் 2025 யூலையில் அது மசோதாவிலிருந்து நீக்கப்பட்டு, அமைச்சர் ஸ்டீபன் டிம்ஸின் மீளாய்வுக்கு விடப்பட்டது. நீக்கியது நன்றே. எனினும் அவளுடைய ஆண்டுகளை அவருடைய புள்ளிகளோடு பிணைத்த கயிறு அவிழ்க்கப்படவில்லை.

உழைப்புக்குச் சாட்சி அதிற் செலவிட்ட நேரமேயன்றி நோயாளியின் புள்ளியன்று என்பது எமது கருத்து. புள்ளி போதாதென்று கடிதம் வந்த நாளில் அவரது நோய் குறைந்துவிடப்போவதில்லை. மறுநாட் காலையிலும் வெந்நீர் வைத்து அவரைக் குளிப்பாட்டுபவள் அவளே.