மூன்றரை போதும், எழுந்திரு!

"இருபது சதவீதம் கையில் சேரட்டும், அப்புறம் வீடு வாங்கலாம்." அமெரிக்காவில் எத்தனை வருடமாக இதையே சொல்லிக்கொண்டிருக்கிறாய்? மாதம் பிறந்தால் நீ எண்ணி வைக்கும் வாடகை, வீட்டுக்காரரின் கடனை அடைக்கிறது. அவர் உன்னைவிடக் கெட்டிக்காரரா என்ன?

பாஸ்டனின் மூன்றடுக்கு மர வீடுகளைப் போய்ப் பார். நூறு வருடங்களுக்கு முன் கப்பலில் வந்திறங்கிய கூலிக் குடும்பங்கள் பல, ஒரு மாடியில் தாங்கள் குடியிருந்து, மற்ற இரண்டையும் வாடகைக்கு விட்டுத்தான் அவற்றைக் கட்டிக்காத்தன. ஆங்கிலமே சரியாக வராதவர்களுக்கு வந்த துணிச்சல் உனக்கு வராதா?

கணக்கைப் போடு! எஃப்.எச்.ஏ. என்ற அரசு அமைப்பு 1934 முதல் இருக்கிறது. அதன் காப்புறுதிக் கடனில், நான்கு வீடுகள் வரை உள்ள கட்டடத்துக்கு 3.5 சதவீத முன்பணம் போதும். கிரெடிட் ஸ்கோர் 580 வேண்டும். 6,00,000 டாலர் கட்டடத்துக்கு இருபது சதவீதம் என்றால் 1,20,000. மூன்றரை என்றால் வெறும் 21,000! அதைக்கூட உன் அண்ணன் அன்பளிப்பாகத் தரலாம், சட்டம் தடுக்காது. ஆனால் அறுபது நாளுக்குள் குடியேறி, ஒரு வருடமாவது நீ அங்கே வாழ வேண்டும்.

வாழத்தான் பலருக்குப் பயம். நள்ளிரவில் குழாய் ஒழுகுகிறதென்று மேல்மாடிக்காரர் கதவைத் தட்டுவார். தட்டட்டுமே! ஒரு குறடு வாங்கி வை.

கண்ணை மூடிக்கொண்டு குதிக்கச் சொல்லவில்லை. கடனில் 1.75 சதவீதம் முதலிலேயே காப்புறுதிக் கட்டணம், பிறகு ஆண்டுதோறும் தனி. பத்திரச் செலவு வேறு. மூன்று, நான்கு வீட்டுக் கட்டடமென்றால், எல்லா வீடுகளின் வாடகை மதிப்பில் முக்கால் பங்கே மாதத் தவணையை ஈடுகட்ட வேண்டும். அரசே இந்தச் சோதனையை வைத்து உன்னைக் காப்பாற்றுகிறது; அதில் தோற்கும் வீட்டை விட்டுவிடு, வருந்தாதே.

எச்1பி விசாவில் இருக்கிறாயா? 2025 மே மாதத்திலிருந்து எஃப்.எச்.ஏ. கதவு உனக்குச் சாத்தப்பட்டுவிட்டது. கிரீன் கார்டு வேண்டும். அதனால் உட்கார்ந்துவிடுவாயா? ஃபேனி மே என்ற வீட்டுக்கடன் நிறுவனத்தின் வழியில், நீ குடியிருக்கும் இரண்டு முதல் நான்கு வீட்டுக் கட்டடத்துக்கு 2023 நவம்பர் முதல் 5 சதவீதம் போதும். அந்த வழியைக் கேள்.

இன்றிரவே உன் கிரெடிட் அறிக்கையை எடு, காசு கேட்கமாட்டார்கள். சனிக்கிழமை அந்த மூன்றடுக்கு வீடுகள் இருக்கும் தெருவில் நட. எந்த மாடியில் நீ குடியிருக்கப்போகிறாய் என்று அண்ணாந்து பார்.