எட்டாம் வகுப்போடு முடியும் இலவசம்

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், தனியார் பள்ளிகளின் தொடக்க வகுப்பில் 25 சதவீத இடங்களை ஏழை, ஒடுக்கப்பட்ட வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒதுக்கச் சொல்கிறது. விண்ணப்பங்கள் கூடினால் குலுக்கல். தமிழ்நாட்டில் மூன்று வயது முடிந்த பிள்ளையின் பெயர் குலுக்கலில் வந்துவிட்டால், எல்.கே.ஜி. முதல் எட்டாம் வகுப்புவரை கல்விக் கட்டணத்தை அரசு ஏற்கும்.

அரசுப் பணம் ஏன் தனியாருக்குப் போக வேண்டும், அதில் அரசுப் பள்ளிக்கு ஆசிரியர் போடலாமே என்ற வாதம் வலுவானது. அக்கம்பக்கத்தில் அரசுப் பள்ளி இருந்தால் தனியார் பள்ளியில் இந்த இடம் கிடையாது என்று கர்நாடகம் 2019இல் விதியையே மாற்றியது. ஆனால் இதைப் பேசுகிறவர்களில் எத்தனை பேர் தங்கள் பிள்ளையை அரசுப் பள்ளியில் சேர்த்திருக்கிறார்கள்? வசதியுள்ளவர் மெட்ரிக் பள்ளி தேடினால் அக்கறை; சித்தாள் வேலைக்குப் போகிறவர் தேடினால் மட்டும் ஆங்கில மோகம்.

குலுக்கலில்தான் சங்கடம். ஒரே வீட்டில் அக்காவுக்குக் கிடைத்து, தம்பிக்குக் கிடைக்காமல் போகலாம். ஒன்றியப் பள்ளிக்குப் போகிற தம்பிக்குக் காலை உணவு, சத்துணவு, சீருடை, புத்தகம் எல்லாம் அங்கேயே கிடைக்கின்றன. அக்காவுக்கு டையும் ஷூவும் வாங்க வேண்டும், டிபன் பாக்ஸ் கட்ட வேண்டும், ஆண்டு விழாவுக்குப் பணம் தர வேண்டும். குலுக்கலில் விழுந்த அதிர்ஷ்டம்தான் அந்த வீட்டில் கூடுதல் செலவு. காமராசர் காலத்து மதிய உணவிலும், 1982இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவிலும் குலுக்கல் இல்லை. தட்டோடு உட்கார்ந்த பிள்ளைக்கெல்லாம் சாப்பாடு. அந்த அளவுகோலில் இந்த 25 சதவீதம் நிற்காது. அதற்காக, எல்லோருக்கும் இல்லையென்றால் யாருக்கும் வேண்டாம் என்பதும் நியாயமாகிவிடாது.

பொறுத்துக்கொள்ளவே முடியாதது எட்டாம் வகுப்பு முடிவில் நடப்பது. ஒன்பதாம் வகுப்புக்கு முழுக் கட்டணம் கேட்பார்கள், முடியாதவர் டி.சி. வாங்கிக்கொள்ளலாம். பத்து வருடம் கூடப் படித்தவர்கள் அங்கேயே இருக்க, பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நெருங்கும் நேரத்தில் ஒரு பிள்ளை மட்டும் வெளியே வருகிறது. அரசுப் பள்ளிக்குப் போவதில் அவமானம் எதுவும் இல்லை. பணம் இல்லை என்பதற்காக அனுப்பப்படுவதில் இருக்கிறது. மூன்று வயதில் குலுக்கல் புரிந்திருக்காது. பதின்மூன்று வயதில் இது நன்றாகவே புரியும். பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பெற்றோர் வட்டிக்கு வாங்கிக் கட்டினால், வறுமையைப் போக்க வந்த திட்டம் கடனில் கொண்டுபோய் விட்டதாகிவிடும்.

அரசியல் சாசனத்தின் 21ஏ பிரிவு 6 முதல் 14 வயதுவரைதான் உறுதி தருகிறது, ஆகவே சட்டமும் அங்கே நிற்கிறது என்பார்கள். சட்டப்படி சரியான பதில். அறம் அத்தோடு விடாது. செய்யாமலே இருந்திருக்கலாம், செய்யத் தொடங்கினால் நடுவில் கைவிடக் கூடாது என்ற வகை உதவிகள் உண்டு. அந்தக் குடும்பம் தானாக அந்தப் பள்ளி வாசலுக்கு வரவில்லை, கூட்டிவந்தது அரசு.

பணம் இல்லையென்றால் புதிய சேர்க்கையைக் குறைத்தாவது உள்ளே இருப்பவர்களைப் பிளஸ் டூ வரை படிக்கவைக்கலாம். பத்துப் பேரைப் பத்து வருடம் படிக்கவைப்பதும் ஏழு பேரைப் பதினான்கு வருடம் படிக்கவைப்பதும் வருடக் கணக்கில் ஏறக்குறைய ஒன்றுதான். மூன்று பேருக்கு இடம் போகும், கசப்பான கணக்குதான். ஆனால் அவர்கள் சேரப்போகும் அரசுப் பள்ளி, எட்டாம் வகுப்பு முடிந்ததும் கட்டணம் கேட்டு யாரையும் வெளியே அனுப்புவதில்லை.