முதல் மீனின் உரிமை

கடல் மீன்களை வீட்டில் ஒரு சிறு கண்ணாடித் தொட்டியில் வைத்துப் பேண வேண்டும் என்னும் ஆசை வெறும் பொழுதுபோக்காகவே தோன்றும். ஆயினும் அந்த ஆசையைச் செயலாக்க முற்படுகிறவர், ஒரு ஜீவனின் பொருட்டு இன்னொரு ஜீவனைக் கருவியாக்கலாமா என்ற பழைய தர்ம விசாரணைக்கு, தாம் அறிந்தோ அறியாமலோ, முதல் வாரத்திலேயே விடை சொல்லிவிடுகிறார்.

லிட்டருக்குச் சுமார் 35 கிராம் என்ற கடலின் கணக்குப்படி உப்பைக் கரைத்து, வெப்பத்தை 25, 26 டிகிரியில் நிலைநிறுத்தி, மணலும் கல்லும் பரப்பி, நீரோட்டத்துக்கு ஒரு பம்ப்பையும் அமைத்து விளக்கை ஏற்றினால், தொட்டி நீர் ஸ்படிகம்போல் தெளிந்து நிற்கும். இனி மீனை விடவேண்டியதுதான் என்று மனம் பரபரக்கும். அந்தத் தெளிவை நம்பலாகாது. மீன் தன் செவுள் வழியே ஓயாமல் அம்மோனியாவை வெளியிடுகிறது. எல்லையற்ற கடலில் கரைந்து மறையும் அந்தப் பொருள், தொட்டிக்குள் தேங்கி மீனுக்கே விஷமாகிறது. கண்ணுக்குப் புலனாகாத ஒருவகை பாக்டீரியா கல்லிலும் மணலிலும் குடியேறி அதனை நைட்ரைட்டாக மாற்றி, அதுவும் விஷமாகவே இருக்க, வேறொரு வகை பாக்டீரியா பெருகி அதைப் பெரிதும் தீங்கற்ற நைட்ரேட்டாக மாற்றிய பிறகுதான் அந்த நீர் உயிரைத் தாங்கும் தகுதி பெறுகிறது. இந்தச் சூட்சும ஜீவன்கள் நிலைபெறப் பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகின்றன.

அவை பெருகுவதற்கு அம்மோனியாவே ஆகாரம். அதனை அளிக்க நெடுங்காலமாகக் கையாளப்பட்ட வழி, டாம்செல் என்னும் சிறிய, வலிமையுள்ள, விலை குறைந்த மீன் ஒன்றிரண்டை முதலில் உள்ளே விடுவதாகும். அந்த மீன் விஷநீரில் வாரக்கணக்கில் மூச்சுத் திணறிப் பிழைத்துவிட்டால் தொட்டி தயார் என்று கொள்வார்கள். இறந்துவிட்டால் வேறொன்றை விடுவார்கள். உண்மையில் மனம் விரும்பிய அழகிய மீன் அதன் பிறகே உள்ளே வரும்.

வலைகளில் எண்ணிறந்த மீன்கள் அன்றாடம் மடிகையில் ஒரு டாம்செல்லுக்காக இத்தனை விசாரமா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே; நம்மில் பலர் மீன் உண்பவர்கள். ஆனால் பசிக்காகக் கொல்வது தகுமா என்பது வேறு வழக்கு. அதில் இரு பக்கத்தாருக்கும் சொல்வதற்கு நியாயங்கள் உண்டு. இங்கே பசியும் இல்லை, வேறு வழியில்லை என்ற நிர்ப்பந்தமும் இல்லை. வெறும் தொட்டியில் மீன் தீனியை ஒரு சிட்டிகை இட்டு அழுகவிட்டாலும், அம்மோனியம் குளோரைடைச் சிறிதளவு கரைத்தாலும், அதே பாக்டீரியா பெருகுகிறது. பிடிக்கும் காலமும் ஏறக்குறைய அதேதான். ஆகவே அந்த முதல் மீனின் வேதனையால் நாம் பெறும் லாபம், அந்த வாரங்களில் தொட்டிக்குள் ஏதோ ஒன்று அசைந்துகொண்டிருக்கிறது என்ற திருப்தி மட்டுமே. இத்தனை அற்பமான பயனுக்கு இத்தனை நீண்ட ஹிம்சை என்பதனாலேயே இதனைச் சிறு பிழையென்று ஒதுக்க எனக்கு மனம் இசையவில்லை.

தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் வகுத்து, நத்தை இனத்தை ஈரறிவுடையதென்றும் நண்டை நாலறிவுடையதென்றும் கூறுகிறது. கீழ்ப்படியில் உள்ள உயிரை மேற்படியில் உள்ளதற்குப் பலியிடலாம் என்ற அனுமதியை இந்த வகுப்பில் காண்போரும் இருக்கலாம். தொட்டியைப் பேணுகிறவரின் அநுபவம் இதனை மறுக்கிறது. மீனுக்கு வரும் வெண்புள்ளி நோயைத் தீர்க்கும் செம்பு மருந்தைத் தொட்டியில் ஊற்றினால், பாசியைத் தின்று வந்த நத்தையும், எச்சங்களைப் பொறுக்கித் தொட்டியைத் துப்புரவாக்கி வந்த நண்டும் மடிந்துபோகின்றன. நோயுற்ற மீனை வேறொரு தொட்டிக்கு மாற்றி அங்கே சிகிச்சை செய்கிறவர், ஆறாவது அறிவை அது அளிக்கப்பட்ட காரியத்துக்கே பயன்படுத்துகிறார் என்பேன்.

கடவுட் பக்தி இருந்தால் இந்த விவேகம் தானே வந்துவிடும் என்று எண்ணுவதற்கும் இல்லை. 1854ல் ‘அக்வேரியம்’ என்ற நூலை எழுதிக் கடல்நீர்த் தொட்டி வைக்கும் வழக்கத்தை இங்கிலாந்தில் பரப்பிய பிலிப் ஹென்றி காஸ், பிளிமத் பிரெத்ரன் சபையைச் சேர்ந்த தீவிர விசுவாசி. பாறைக் குழியில் விரியும் ஒவ்வொரு கடல் சாமந்தியிலும் சிருஷ்டிகர்த்தாவின் கைத்திறனைக் கண்டு உருகியவர். ஆயினும் அவர் நூல்களைப் படித்த மக்கள் கூட்டங்கூட்டமாகக் கடற்கரைக்குச் சென்று, அவர் போற்றிய அந்தப் பாறைக் குழிகளையே சூறையாடினார்கள். அந்த அழிவையும், அதற்குத் தாமே காரணமானோம் என்று தந்தை அடைந்த வருத்தத்தையும், மகன் எட்மண்ட் காஸ் 1907ல் வெளியிட்ட ‘தந்தையும் மகனும்’ என்ற நூலில் எழுதியிருக்கிறார். விவேகத்துக்குத் துணையாகும் அறிவும் அன்று முழுமை பெறவில்லை. அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியாவை விஞ்ஞானி வினோகிராட்ஸ்கி பிரித்தெடுத்துக் காட்டியது 1890ல். காஸ் 1888லேயே காலமாகிவிட்டார். தொட்டியில் உயிர்கள் ஏன் மடிகின்றன என்பதை முழுமையாக அறியும் வாய்ப்பு அவருக்கு வாய்க்கவில்லை, நமக்கு வாய்த்திருக்கிறது.

நம் நாட்டில் பவளப் பாறையும் கடற்குதிரையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவிலிருந்து ஒரு பவளத் துண்டைப் பெயர்த்தெடுப்பதும் குற்றமே. அதே வளைகுடாவின் கரையில், மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில், கோமாளி மீன்களைத் தொட்டியிலேயே முட்டையிடச் செய்து குஞ்சுகளை வளர்த்தெடுக்கும் முறையை விஞ்ஞானிகள் கைவரச் செய்திருக்கிறார்கள். கடலிலிருந்து பறிக்காமலே கடல் மீனைப் பேணும் வழி இவ்வாறு திறந்திருப்பதால், இந்த ஆசையை அடியோடு துறந்துவிட வேண்டும் என்று நான் வாதிக்கவில்லை.

தொட்டி வாங்க எண்ணியிருக்கும் அன்பர்களிடம் என் வேண்டுகோள் இது. நீர்ச் சோதனையில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு இறங்கும்வரை மீன் வாங்காதீர்கள். வாங்கும்போது தொட்டியில் பிறந்த மீனையே கேளுங்கள். முதலில் ஒரு டாம்செல்லை விட்டுப் பாருங்கள் என்று கடையில் யாரேனும் யோசனை சொன்னால், மறுத்துவிடுங்கள்.