பிரிந்த நகரில் முதலடி யாருடையது?

கோயம்புத்தூரைக் கொங்கு நாட்டின் தலைநகர் என்று மக்கள் வழங்குவது அரசாணையால் வந்த வழக்கன்று. பஞ்சாலையும் பட்டறையும் கடைவீதியும் ஈட்டித் தந்த பட்டம் அது. 1888இல் அங்கே நூற்பாலை எழுந்த காலந்தொட்டுப் பிழைப்புத் தேடி வந்தவர்க்கெல்லாம் இடங்கொடுத்த ஊர் அது. தமிழ் பேசும் ராவுத்தர்கள், உருது பேசும் தக்கனியர், பாலக்காட்டுக் கணவாய் வழியே வந்த மலையாள முஸ்லிம்கள் என நம் சமுதாயத்தின் பல கிளைகளும் அங்கே வேர்கொண்டன. பழைய கோட்டை மண்ணோடு மண்ணாகிவிட்டது. அது நின்ற கோட்டைமேட்டில் சங்கமேசுவரர் கோயிலும் பள்ளிவாசலும் இன்றும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன.

அத்தகைய நகரம் எவ்வாறு பிரிந்தது? 1997 நவம்பர் 29ஆம் நாள் உக்கடத்தில் பணியிலிருந்த போக்குவரத்துக் காவலர் ஒருவர் முஸ்லிம் இளைஞர் சிலரால் குத்திக் கொல்லப்பட்டார். அதனைத் தொடர்ந்த துப்பாக்கிச் சூட்டிலும் கலவரத்திலும் 18 முஸ்லிம்கள் மாண்டனர். முஸ்லிம்களின் கடைகள் சூறையாடப்பட்டன. 1998 பிப்ரவரி 14ஆம் நாள் தொடர் குண்டுகள் வெடித்து 58 உயிர்கள் பறிபோயின. இம்மூன்றில் தமக்கு வேண்டியதை மட்டும் சொல்லி மற்றவற்றை விழுங்கிவிடுவோர் இரு தரப்பிலும் உண்டு. நாம் மூன்றையும் சேர்த்தே எழுதுகிறோம். பக்கத்து வீட்டு ஒப்பாரி காதில் விழாதவனுடைய கண்ணீரை உலகம் நம்பாது.

கோவையில் எவரும் மதில் எழுப்பவில்லை. கோட்டைமேட்டைச் சுற்றி நின்ற காவல் சாவடிகளும் பல ஆண்டுகளுக்குப் பின் அகற்றப்பட்டன. ஆயினும் கலந்து வாழ்ந்த தெருக்களை விட்டுக் கரும்புக்கடைக்கும் குனியமுத்தூருக்கும் குடிபெயர்ந்த குடும்பங்கள் திரும்பவில்லை. பெயரைக் கேட்ட மாத்திரத்தில், "வீடு வேறொருவருக்குப் பேசியாயிற்று" என்ற பதில் வந்துவிடுகிறது. சாவடியை அரசு ஓர் ஆணையால் எடுத்துவிடலாம். இந்தப் பதிலை எந்த ஆணையால் எடுப்பது?

மதிலால் பிரிந்த நகரங்களையும் உலகம் கண்டிருக்கிறது. 1961இல் எழுந்த பெர்லின் சுவர் 1989இல் வீழ்ந்தது. சைப்ரஸ் தீவின் தலைநகரான நிகோசியாவோ இன்றும் பிரிந்தே கிடக்கிறது. 1963 டிசம்பரில் பிரிட்டிஷ் படைத்தலைவர் ஒருவர் வரைபடத்தின்மீது பச்சைப் பென்சிலால் கிழித்த கோடு, 1974க்குப் பின் முள்வேலியாக இறுகிற்று. வடக்கே துருக்கியர், தெற்கே கிரேக்கர். இந்தப் பகைக்கு நடுவிலும் ஓர் அதிசயம் நிகழ்ந்தது. இரு பாதிகளின் மேயர்களான லெல்லோஸ் டெமெட்ரியாடிசும் முஸ்தபா அக்கின்ஜியும் எழுபதுகளின் இறுதியில் கூடிப் பேசி, நகரின் கழிவுநீருக்குப் பொதுவான ஏற்பாடு செய்தனர். சாக்கடைக்கு இனம் தெரியாதல்லவா! கொடியைப் பற்றியும் வரலாற்றைப் பற்றியும் பேசியிருந்தால் அவர்கள் முதல் நாளே எழுந்து போயிருப்பார்கள் என்பது நம் எண்ணம். குழாயைப் பற்றிப் பேசியதால் அமர முடிந்தது.

நமக்கு இதனினும் அணுக்கமான நகரம் ஒன்றுண்டு. இஸ்லாத்தின் முதல் தலைநகரான மதீனாவும் பிரிந்து கிடந்த ஊரே. அவ்ஸ், கஸ்ரஜ் என்னும் இரு கூட்டத்தாரும் புஆஸ் போரில் வெட்டி மடிந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. அவர்களுடன் யூதக் குலத்தாரும் வாழ்ந்தனர். அவ்வூருக்கு அண்ணல் நபி (ஸல்) அவர்கள், மக்காவில் கொடுமைக்கு ஆளாகி, பிறந்த மண்ணைத் துறந்தவர்களாக வந்தார்கள். 'முதலில் நீதி கிடைக்கட்டும், பிறகு நேசம் பேசலாம்' என்று சொல்ல அவர்களைவிட உரிமை உடையவர் யார்? அவர்கள் காத்திருக்கவில்லை. அதே வேளையில் வெறும் இனிய சொற்களோடும் நின்றுவிடவில்லை. உயிரிழப்புக்குரிய ஈடு, ஊர்ப் பாதுகாப்பு, அவரவர் சமயம் ஆகியவற்றை ஓர் உடன்படிக்கையில் எழுதுவித்தார்கள். நேசமும் நீதியும் அங்கே ஒரே ஏட்டில் இடம்பெற்றன.

இன்று நம்மிடையே இரு குரல்கள் கேட்கின்றன. 'அடிபட்டவர்கள் நாம், அவர்கள் முதலில் வரட்டும்' என்பது ஒன்று. இதனை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் சிறையில் கிடந்து, 2007இல் குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டார் அப்துல் நாசர் மதனி. அந்த ஆண்டுகளை யார் திருப்பிக் கொடுத்தார்? 'பழையதை மறந்து கைகுலுக்குவோம்' என்பது மற்றொரு குரல். மேடைக்கு அழகான பேச்சுத்தான். இழந்தவனை வாயடைக்கவும் அதுவே பயன்படுகிறது.

நம் கருத்து இது: நீதி கேட்பது அரசிடம், அண்டை வீட்டாருக்குச் செய்வது இறைவனுக்காக. முன்னது கிட்டும்வரை பின்னதை நிறுத்திவைக்க நமக்கு அனுமதி இல்லை. பின்னதைச் செய்துவிட்டோம் என்பதற்காக முன்னதைக் கைவிடவும் வேண்டியதில்லை. நபித்தோழர் அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்கள் வீட்டில் ஆடு அறுத்தபோது, யூதரான அண்டை வீட்டாருக்குக் கறி அனுப்பியாயிற்றா என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அந்த அண்டை வீட்டார் நல்லவரா, முன்பு என்ன செய்தார் என்ற விசாரணை அக்கேள்வியில் இல்லை. அண்டை வீட்டார் என்பதே போதுமாயிருந்தது.

ஆனால் அண்டை வீட்டாரே இல்லாதபடி நாம் ஒதுங்கிவிட்டால் கறியை யாருக்கு அனுப்புவது? அஞ்சி ஒதுங்கியவரை நாம் குறை கூறவில்லை. குழந்தைகளை வைத்துக்கொண்டிருப்பவருக்கு வேறு வழி தோன்றாது. ஆயினும் நம் தெருவில் நமக்கிருக்கும் வீட்டை, 'நம்மவருக்கு மட்டும்' என்று நாமே பூட்டி வைப்பதும் நடக்கிறது. மறுக்கப்பட்ட வலியை அறிந்தவர் மறுப்பதற்கு என்ன நியாயம் சொல்ல முடியும்?

2022 அக்டோபர் 23 விடியலில் கோட்டைமேட்டுக் கோயிலின் முன்னே காரொன்று வெடித்துச் சிதறியது. பழைய நாட்கள் திரும்பிவிடுமோ என நகரம் நடுங்கியது. அடுத்த சில நாட்களில் ஜமாஅத் நிர்வாகிகள் அக்கோயிலுக்கே சென்று அங்குள்ளோரைச் சந்தித்தனர். தாம் செய்யாத குற்றத்துக்காகத் தாம் ஏன் போக வேண்டும் என்று அவர்கள் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை.

ஒப்பணக்கார வீதியில் கோனியம்மன் தேர் வரும் நாளில், அத்தர் ஜமாஅத் பள்ளிவாசலார் வாசலில் நின்று பக்தர்களுக்குத் தண்ணீர் வழங்குகின்றனர். அது ஆண்டுக்கு ஒரு நாள். மற்ற நாட்களில் அதே நகரின் சந்துகளில், கையில் முன்பணத்துடன், ஒரு முஸ்லிம் குடும்பம் வீடு தேடி நடந்துகொண்டிருக்கிறது.