ஊனம் ஊழ்வினையோ?



இடுக்கி மாவட்டத்து வட்டவடை போன்ற மலையூர்களில் மனிதனுக்குக் கால்களே முதற்பொருள். சரிவுகளில் படிப்படியாய் அமைந்த நிலங்களிற் பூண்டும் உருளைக்கிழங்கும் பயிரிட்டு, மூட்டை சுமந்து ஏறியிறங்கிப் பிழைப்போர் நடுவே ஒருவன் காலை இழப்பானாயின், பிழைப்பையும் இழந்தான் என்பர். அவ்வளவில் நில்லாது, "முற்பிறப்பிற் செய்த பாவம், அனுபவிக்கின்றான்" என்றும் சொல்லிவிடுவர். இச்சொல் மெய்யாகுமா?

கும்பகோணத்தைச் சேர்ந்த ஆனந்தன் குணசேகரன் என்னும் இராணுவ வீரரின் வாழ்க்கையை நோக்குவோம். 2008ஆம் ஆண்டு காஷ்மீர எல்லையிற் கண்ணிவெடியில் அகப்பட்டு அவர் ஒரு காலை இழந்தார். செயற்கைக் காலுடன் நடக்கப் பழகினார். பின்னர் ஓடப் பழகினார். 2018இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய மாற்றுத்திறனாளர் விளையாட்டில் 200 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். 2019இல் சீனத்து வூஹான் நகரில் நடந்த உலக இராணுவ விளையாட்டில் 100, 200, 400 மீட்டர் ஆகிய மூன்று ஓட்டங்களிலும் தம் பிரிவில் தங்கப் பதக்கம் வென்றார்.

இவர் காலைப் பறித்தது எது? மண்ணுள் வெடியைப் புதைத்தது முற்பிறப்பன்று, மனிதர் கை. அத்தகைய வெடிகளை ஒழிக்கும் உடன்பாடு 1997இல் கையெழுத்தாயிற்று. நம் நாடு அதில் இன்னும் சேரவில்லை. காரணம் கண்முன்னே இருக்க, காணாத பிறவியைத் தேடுவானேன்?

யான் உழைத்த ஆலையொன்றில், பற்சக்கரத்திற் சிக்கிய தொழிலாளி ஒருவரின் கை நசுங்கியது. "தலைவிதி" என்றனர் மேலோர். அச்சக்கரத்துக்கு மூடியில்லை என்பதை நாங்கள் எல்லோரும் அறிவோம். விதி என்ற சொல் அன்று அந்த மூடியின் விலையை மிச்சப்படுத்தியது.

மோலிய சீவகன் என்பான் பகவரிடம் இதனையே வினவினான். மனிதன் நுகரும் இன்பதுன்பம் யாவும் முன்வினைப் பயனோ என்றான். பகவர் அதனை ஏற்றாரல்லர். பித்தம், சிலேத்துமம், வாதம், இம்மூன்றின் கூட்டு, பருவ மாறுதல், முறைதவறிய நடை, பிறர் தாக்குதல், வினைப்பயன் என எட்டுக் காரணங்களை எடுத்துரைத்தார். எட்டில் ஒன்றே வினை. அனைத்தையும் அதன்மேல் ஏற்றுவோர் அறிந்ததைக் கடந்து பேசுகின்றனர் என்பதே அவர் மறுமொழி. இது சம்யுத்த நிகாயத்தில் உள்ளது.

இனி மற்றொரு பிழையையும் ஆராய்வோம். குணசேகரனைப் புகழும் வாயே வேறொரு காலிழந்தவரை நோக்கி, "அவர் ஓடினாரே, உனக்கென்ன?" என்று கேட்கின்றது. முன்னர்ச் சென்ற பிறவியின் பாவம் என்றனர். இப்போது இப்பிறவியின் சோம்பல் என்கின்றனர். பழி மாறவில்லை, அதன் சட்டைதான் மாறியது.

எப்பொருளும் சார்பிலே தோன்றும் என்பது நம் தன்மம். அவ்வெற்றியும் அவ்வாறே தோன்றியது. அவருடைய இடையறாத முயற்சி முதற்சார்பு. அதனை எவரும் குறைத்துப் பேசலாகாது. ஆயினும் காலிழந்த வீரரைக் கைவிடாத படையும், 1944 முதல் புனேயில் இயங்கும் இராணுவச் செயற்கை உறுப்பு நிலையமும், பயிற்சிக் களமும், ஓடுவதற்கென்றே அமைந்த வளைந்த காலும் உடன் நின்றன. அக்கால் கார்பன் இழையால் ஆகியது. உடலின் எடை விழுங்கால் வளைந்து, எழுங்கால் வில்போல் நிமிர்ந்து முன்தள்ளும். இவ்வகைக் காலை ஆக்கிய அமெரிக்கர் வான் பிலிப்ஸ் தாமும் 1976இல் ஒரு காலை இழந்தவரே. தம் துன்பத்தை அவர் பிறர்க்குச் சார்பாக்கினார்.

இச்சார்புகளில் ஒன்றும் கிட்டாத மலையூர்க் கூலியாளிடம் பதக்கத்தை எதிர்பார்ப்பது நியாயமாமோ? அவர்க்கு வேண்டுவது தங்கமன்று. நடக்க ஒரு கால், சறுக்காத வழி, அமர்ந்து செய்யத்தக்க ஒரு தொழில். மணிமேகலைக் காப்பியத்து ஆபுத்திரன் மதுரையிற் குருடரையும் முடவரையும் கூவியழைத்து முதலில் உணவிட்டான். அவர்தம் வினைக்கணக்கைக் கேட்டிலன்.

ஆகவே அன்பர்களே, ஊனமுற்றார் ஒருவரைக் காணுங்கால் "என்ன பாவம் செய்தாரோ" என்று எண்ணாதீர். எச்சார்பு அவரிடமிருந்து பறிபோயிற்று, அதில் எதனை நாம் திரும்ப அளிக்கலாகும் என்று எண்ணுவீராக.